கடிதங்களிலிருந்து விழுந்தவை

சிறைக் கடிதங்களைத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு கைதி தன் மனைவிக்கு எழுதிய கடிதத்திலிருந்து மூன்று மீன்கள் அவளுடைய மேசைமேல் விழுந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மூன்றும் உயிரோடு இருந்தன. அதே கடிதத்தை அன்று காலை இரண்டு பேர் படித்து முத்திரை குத்தியிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் விழவில்லை. பக்கத்து மேசைக்காரர் நனைந்துவிடுமே என்று கோப்புகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார், பியூன் வாளி கொண்டுவந்தார், அலுவலகம் மறுபடி வேலையைத் தொடர்ந்தது.

பதினோரு வருடம் பள்ளியில் மொழிப்பாடம் எடுத்தவள் அவள். கலவரத்துக்குப் பிறகு படைவீரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டதால் இங்கே மாற்றப்பட்டாள். இங்கும் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் வெளியூர்க்காரர், குரலை உயர்த்தாதவர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஆபீஸ மீன் மார்க்கெட் ஆக்கிட்டீங்க?" என்றார். கடிதத்தில் இருந்ததெல்லாம் உடம்பு சுகம், பிள்ளைகள் படிப்பு, பிறகு ஒரு வரி: பானையில் தண்ணீர் மாற்றினாயா? அவள் உற்சாகமாகவே விளக்கினாள். அந்த ஊரில் பிறந்த எல்லோரும் பள்ளியில் படித்த பழைய கதை அது. ஆறு வற்றிய வருடத்தில் ஒரு படகோட்டி கடைசி மீன்களைத் தன் வீட்டுப் பானையில் ஒளித்து வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஆறு திரும்பிய பிறகு கொண்டுபோய் விட்டான். அவள் சொல்லி முடித்ததும் கண்காணிப்பாளர் கையிலிருந்த அதே கடிதத்திலிருந்து நாலாவது மீன் அவர் மடியில் விழுந்தது. புரிந்தவருக்குத்தான் விழும் என்பது அப்படித் தெரியவந்தது. பேன்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுநாள் மதியம் அந்தக் கைதியின் வீட்டுப் பரணிலிருந்து மூன்று இளைஞர்களைக் கைகட்டி இறக்கினார்கள். அவள் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். நடுவில் நடந்தவன் அவளுடைய மாணவன், கட்டுரையில் எப்போதும் ஒற்றுப்பிழை விடுகிறவன். அவன் பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தான், அவள் குனிந்துகொண்டாள். அடுத்த நாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனாள். கண்காணிப்பாளர் அதைப் படிக்காமல் மடித்து அவளிடமே கொடுத்தார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் ஜெயில்ல நாலாம் பிளாக்லதானே இருக்காரு? விசாரிச்சேன். நல்லா இருக்காரு. இனிமே அர்த்தத்த என்கிட்ட மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். இரண்டு வருடம் அதில் உட்கார்ந்திருந்தாள். கடிதங்களிலிருந்து துடுப்பு விழுந்தது, காகிதக் கிரீடம் விழுந்தது, ஒற்றைக் காதுள்ள ஆடு விழுந்தது, கதவில்லாத நிலைச்சட்டம் ஒன்று விழுந்து மின்விசிறியை வளைத்தது. சரக்கறை நிரம்பி, வண்டி நிறுத்துமிடத்தில் கொட்டகை போட்டார்கள். கைதிகளில் பாதிப்பேர் அவளிடம் படித்தவர்கள். ஐந்து மதிப்பெண் கேள்வியாக அவள் கேட்டபோது விழித்தவர்கள் இப்போதுதான் அந்தக் கதைகளைச் சரியான இடத்தில் எடுத்தாண்டார்கள். அவள் கீழிருந்து மேலாகப் படித்துப் பார்த்தாள், எழுத்துகளை மட்டும் எண்ணிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ஒரு தடவை புரிந்துவிட்டதைப் புரியாமல் ஆக்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. மூன்று முறை தவறான அர்த்தம் சொன்னாள். கடிதம் கண்காணிப்பாளர் கையில் சும்மா இருந்ததால் மூன்று முறையும் மாட்டிக்கொண்டாள், ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் அத்தானிடமிருந்து கடிதம் வரவில்லை.

அத்தான் வயர்மேன். ஒரு கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொடுத்ததற்காக உள்ளே போனவர். கதை என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர். சாப்பிட்டேன், தூங்கினேன், மழை பெய்தது என்று எழுதுவார். மாடியில் குடியிருந்த அக்கா வாரம் ஒருமுறை இறங்கிவந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அவர் லெட்டர்ல ஏதாவது விழுந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்போ நல்லாத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு அக்கா படியேறுவாள். அக்காவுக்கு அதில் நிம்மதியும் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தன.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அத்தான் எழுதினார்: தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் பள்ளி ஆண்டு விழாவுக்கு லைட் போட்டது நேற்று ஞாபகம் வந்தது. டீச்சர் அந்த வரியைப் படித்ததும் நாற்பது கலர் பல்புகள் கோத்த சரம் ஒன்று மேசைமேல் விழுந்தது. எந்தப் பிளக்கிலும் செருகாமலே எல்லாம் எரிந்தன.

"இது என்ன கதை?" என்றார் கண்காணிப்பாளர்.

"கதை இல்ல சார். ஸ்கூல் விழாவுக்கு அவர்தான் லைட் போட்டாரு. அவ்வளவுதான்."

அவர் கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார், திருப்பிப் பிடித்து உதறினார். "எனக்கு விழலையே டீச்சர். மீதியச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் விரல்களிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டு, சரத்தைத் தோளில் போட்டு, எழுந்து நடந்தாள். வாசல் காவலாளி ஷாக் அடிக்குமோ என்று பயந்து வழிவிட்டான்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "லைட் போட்டாரு, அதுக்கென்ன?" என்றாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அன்று நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் ஒயர் ஒன்று அறுந்தது. பிள்ளைகள் இருட்டில் பயந்துவிடுவார்கள் என்று, அறுந்த இரண்டு முனைகளையும் அத்தான் முறுக்கி, நாடகம் முடியும்வரை கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உறை உருகி உள்ளங்கை வெந்துபோனது. அவர் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: அக்காகிட்ட சொல்லாதே, அவ தாங்க மாட்டா.

"சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னாரே என்கிட்ட," என்றாள் அக்கா. சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் கையிலிருந்த கடிதத்திலிருந்து இன்னொரு பல்புச் சரம் மடித்த துணிகளின்மேல் சரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள அவருக்குச் சூடு வைக்கிறாங்களா?"

"ஆமாக்கா."

"ரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் இப்படித்தான் அர்த்தம் சொன்னியா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, எரிகிற சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு போய்ச் சிறை வாசலில் உட்கார்ந்தாள். டீச்சர் வீடு வீடாகப் போனாள். தான் யார், என்ன செய்தேன் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிட்டு, பழைய கடிதங்களை எடுத்துவரச் சொல்லி, எது எதைக் குறிக்கிறது என்று விளக்கினாள். எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்தன. சிலர் கேட்டு அழுதார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள், ஒரு தாய் அவள் முகத்தில் துப்பினாள். பரணிலிருந்து இறக்கப்பட்ட மூன்று பேரில் ஒருவனுடைய தாய் அவள். அவர்கள் மூவரும் திரும்பி வரவே இல்லை. டீச்சர் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளை யாரோ உடைத்தார்கள். அவள் புதிதாகப் போட்டுக்கொள்ளவில்லை.

கடிதத்திலிருந்து விழுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒன்பதாம் நாள் சிறைக்குள் போக வேண்டிய லாரிக்கு வழியில்லாமல் போயிற்று. கைதிகளைப் பார்க்க அதிகாரிகள் வெளியிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தார்கள். உடம்பு சரியில்லை என்ற காரணம் காட்டிப் பதினான்கு பேரை விட்டார்கள், அதில் அத்தான் ஒருவர். கண்காணிப்பாளர் பதவி உயர்வோடு மாற்றலாகிப் போனார். டீச்சருக்கு வேலை போயிற்று.

அத்தான் வீட்டில் பழையபடி சாதாரணமாகவே பேசினார். ஆனால் டீச்சர் அங்கே இருந்த முதல் நாள் அவர் "கதவச் சாத்து" என்றபோது, கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று அவள் காலருகே விழுந்தது. "தண்ணி குடு" என்றபோது தரையில் ஈரக் கோணி விழுந்தது. இரண்டு வருடம் சிறைக் கடிதங்களைப் படித்தவளுக்கு அவை என்னவென்று தெரிந்தது, அக்காவுக்குத் தெரியவில்லை. அதுவரை தங்கையோடு பேசாதிருந்த அக்கா மறுநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"தினமும் வா. அவர் பேசுறப்போ பக்கத்துல இரு. என்ன விழுதுன்னு நான் பாக்கணும்."

டீச்சர் தினமும் போனாள். அத்தான் தூங்கிய பிறகு அக்கா ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி இது எதுக்கு, இத வெச்சு என்ன பண்ணுவாங்க என்று கேட்பாள். கேட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைப்பாள். ஆறாம் மாதம், காய்ச்சலில் டீச்சர் வராத ஒரு மதியம், அத்தான் "வெயில் அதிகமா இருக்கு" என்றார். அக்காவின் எதிரே கம்பி வைத்த சிறிய சன்னல் ஒன்று விழுந்து உடைந்தது. அவள் துடைப்பம் எடுத்துவந்து பெருக்கினாள். "ஆமாங்க, அதிகந்தான்," என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். அவர் பேச வாயெடுத்தால் அக்கா காலைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டு நிற்பாள், விழுவது விழுந்து முடியட்டும் என்று காத்திருப்பாள், பிறகு பதில் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சத்தத்துக்குத் திடுக்கிட்டார்கள். இப்போது, மாடியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள்.