தனி அடுப்பு

லூர்தம்மாளுக்குத் தனி அடுப்பு இருந்தால்தான் அவள் மகன் ஜெர்வினுக்கு உதவித்தொகை. சிரிக்காதீர்கள், தாலுகா ஆபீசில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஜெர்வினுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே அசைவில்லை. புருஷன் போனபின் வாடகை வீடு தேடிப் பூந்தமல்லியெல்லாம் அலைந்தாள். மாடிப்படி ஏறத் தேவையில்லாத வீடாக ஒன்று அமைந்தால், வீல்சேரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார். கடைசியில் சென்னீர்குப்பத்தில் அண்ணன் சத்தியராஜ்தான் தன் வீட்டுக் கார் ஷெட்டை ஒழித்துக் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை. சோறும் போடவில்லை. ஷெட் மூலையில் அவளே பொங்கிக்கொண்டாள்.

வினை அங்கேதான் வந்தது. மாடி வீட்டில் அண்ணனோடு கூட்டுக் குடும்பம் என்று ஆபீசில் பதிந்துவிட, அண்ணன் வருமானமும் கணக்கில் சேர்ந்து பணம் நின்றது. பிள்ளைக்கு டயப்பர் வாங்க வழியில்லை. தனிச் சமையல்தானா என்று பார்க்க ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள்.

அவர் வந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர் கேன் தூக்கப் போயிருந்தாள். திரும்பினால், தூங்கும் ஜெர்வினைத் தவிர ஷெட் துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. அடுப்பில்லை, பாத்திரமில்லை. ஹாலில் அண்ணன் ஆபீசருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவின் ஜெபக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"கூடப்பொறந்தவள தனியா பொங்க வுடுவனா சார்? ஒரே அடுப்பு, ஒரே கொயம்பு!"

அடப்பாவி மனுஷா! கிளம்பிய ஆபீசர் பின்னாலேயே அவள் கேட்டுக்கு ஓடினாள்.

"நான் பாத்ததத்தானேம்மா எழுத முடியும்? தனி அடுப்பு இருந்தா காட்டுங்க, இப்பவே மாத்தி எழுதுறேன்."

அடுப்பு மொட்டை மாடியில்தான் இருக்கும், வேறெங்கே ஒளிப்பார்? காட்டிவிடலாம். ஆனால் தெருவே பார்க்க அண்ணன் பொய்யனாவார். பொழுது சாய்வதற்குள் ஷெட்டும் போய்விடும். ஜெர்வினை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்?

"இல்ல சார். ஒண்ணாத்தான் சாப்புடறோம்."

ஆபீசரின் பைக் போய்விட்டது. சத்தியராஜ் மலர்ந்த முகத்தோடு வந்தார். "ஊர் முன்னாடி உன் மானத்த காப்பாத்திட்டேன், பாத்தியா லூர்து? சாமானெல்லாம் மேல கீது, எறக்கிக்கோ. சோறாக்க நேரமாச்சில்ல?"

"சரிண்ணே," என்றாள். சாமான் இறக்க மாடிப்படியில் கால் வைத்தாள்.

ஷெட்டுக்குள்ளிருந்து ஜெர்வின் குரல் கொடுத்தான். "யம்மா, ஆபீசர் இன்னா சொன்னாரு? பணம் வந்துடும்ல?"

"எல்லாம் எயுதிகினு பூட்டாரு நைனா."