அந்தோனியாருக்கு வைத்த சல்மன்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த மீனின் நீளம் ஒருநாள் முழங்கையளவாகத் தெரியும். இன்னொரு நாள் அதைவிடப் பெரிதாகத் தெரியும். படகில் வைத்து றஞ்சித் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு நான் தலையாட்டினேனா, பேசாமல் இருந்தேனா என்பதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறாமை பிடித்தவனுடைய நினைவை அதிகம் நம்பக்கூடாது. ஆனால் றஞ்சித் இதை ஒருவருக்கும் சொல்லமாட்டான். ஆகவே நான்தான் சொல்லவேண்டும்.

சிஞ்ஞோர் கலோஜெரோவின் வீட்டில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், நான்காம் மாடி. அவர் அணைக்கட்டுகள் கட்டிய பொறியியலாளர். மனைவியை இழந்தவர், எண்பதைத் தாண்டியவர். சமையல், மருந்து, குளிப்பு எல்லாம் என் பொறுப்பு. மதியம் அவர் உறங்கும்போது நான் சன்னலோரம் இருந்து புத்தகம் வாசிப்பேன். சனிக்கிழமைகளில் நான் கார் ஓட்ட, இருவரும் மலைக்கு மேலே இருக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போவோம்.

அங்கே ஒரு சிறிய மீன்பிடிச் சங்கம் இருந்தது. சிஞ்ஞோரும் நண்பர்களும் தொடங்கியது. வடக்கிலிருந்து சல்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஏரியில் விட்டு, பிறகும் வருடா வருடம் விட்டு வந்தார்கள். கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கும் இனம். விடுவதற்கு முன் ஒவ்வொன்றின் முதுகிலும் வாலுக்குக் கிட்ட இருக்கும் சிறு செட்டையை வெட்டிவிடுவார்கள். அது சங்கத்து மீன் என்பதற்கு அடையாளம். ஏரியின் மற்ற மீனான ட்ரவுட் அகப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சல்மனை மட்டும் திரும்ப நீருக்குள் விடவேண்டும். கொன்றால், எந்தப் படகில் அது நடந்ததோ அந்தப் படகின் சொந்தக்காரர் சங்கத்தைவிட்டு விலகவேண்டும். இந்த விதியை எழுதியவரே சிஞ்ஞோர்தான். முதல் வருடமே எனக்கு அதைச் சொல்லிவிட்டார்.

படகு சிஞ்ஞோருடைய சொந்தப் படகு. நான் துடுப்பு வலிப்பேன். அவர் படகின் பின்பக்கத்தில் தூண்டிற்கோலோடு இருப்பார். கரண்டி போல மினுங்கும் ஒரு தகடு எங்கள் பின்னால் தண்ணீருக்குள் இழுபட்டு வரும். பேசமாட்டோம். காலை எட்டு மணியிலிருந்து மதியம்வரை ஒரு சொல்லும் இல்லாமல் இருந்திருக்கிறோம். ஆறு வருடத்தில் அகப்பட்ட சல்மன் இரண்டே இரண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு மனிதரோடு அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருக்க முடிந்தால் அதைவிட நெருக்கம் வேறு இல்லை என்று நம்பினேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

அந்த வருடம் ஏப்ரலில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக நான் ஊருக்கு, ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டி வந்தது. பலெர்மோவில் எங்கள் ஆட்கள் இப்படிப் போகும்போது சொந்தத்தில் ஒருவரை மாற்றுக்கு விட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் மாற்றுக்கு நின்றவர் சாவியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வார். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் அதை மீறிய ஆளுக்குக் கோயில் வாசலில் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள்.

நான் மாற்றுக்கு விட்டது றஞ்சித்தை. என் மனைவி றஜிதாவின் சித்தி மகன். பேசாலைக் கடற்கரையில் வளர்ந்தவன், பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்தான். அவனுக்கு இரண்டு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். எந்த மாத்திரை எப்போது, கோப்பி எவ்வளவு சூடு, எந்தக் காலுக்கு முதலில் செருப்பு. ஏரியைப் பற்றி ஒரே வரி: துடுப்பு வலிக்கவேண்டும், கதைக்கக்கூடாது. சல்மனைப் பற்றி எழுதவில்லை. அப்போது என்னிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. ஆறு வருடத்தில் இரண்டு தரம் கண்ட மீனைப் பற்றி யார்தான் எழுதுவார்கள்?

ஜூன் தொடக்கத்தில் திரும்பி வந்தேன். நான்காம் மாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சிஞ்ஞோர் சிரித்தால் இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"வாங்கோ அத்தான், வாங்கோ," என்றான் றஞ்சித். "மெலிஞ்சு போனியள். ஊரிலை சோறு போடேல்லையோ?"

சிஞ்ஞோர் கதிரையில் இருந்தபடி கையை நீட்டினார். "யோசேப், உன் மைத்துனன் என்னைப் பேசவைத்தே கொல்லப் பார்க்கிறான்," என்றார் இத்தாலியனில். முறைப்பாடு மாதிரித் தொடங்கிய பேச்சு, முகத்தில் வேறு மாதிரி முடிந்தது.

குசினிக்குள் வைத்து றஞ்சித்திடம் கேட்டேன். "கதைக்கக்கூடாது எண்டு எழுதினன் எல்லோ?"

"எழுதினியள்தான். முதல் சனி வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தன். மனுசன் தானாக் கேட்டார், உனக்கும் கதைக்கத் தெரியாதோ எண்டு."

 அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டே தொடர்ந்தான்.

"அந்த மீன்குஞ்சுக் கதை நல்ல கதை அத்தான். பால் கானுக்கை போட்டு லொறியிலை கொண்டு வந்தவையாம். அவற்றை மனுசி சிஞ்ஞோரா பின்னுக்கு இருந்து வழி முழுக்கத் தண்ணி மாத்திக்கொண்டு வந்தவவாம். கலியாணம் முடிச்ச புதுசு. நான் சல்மன் எண்டால் தகர ரின்னுக்கையே பிறந்து ரின்னுக்கையே வளருறது எண்டெல்லோ நினைச்சிருந்தன். உங்களுக்குச் சொல்லியிருப்பார்தானே?"

"ஓம்," என்றேன்.

எனக்கு அவர் சொன்னதே இல்லை.

றஞ்சித்தின் இத்தாலியன் என்னுடையதைவிட மோசம். பாதி வசனத்தைக் கையாலும் கண்ணாலும் முடிப்பான். நான் இரவல் வாங்கிய இலக்கணப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தவன். அந்த மொழியில் பிழையில்லாமல் மௌனமாக இருந்திருக்கிறேன்.

முறைப்படி அவன் சாவியை என் கையில் தந்தான். சிஞ்ஞோர்தான் தடுத்தார். "இவனும் கொஞ்சக் காலம் நிற்கட்டும். சனிக்கிழமை மூவருமாகப் போவோம். யார் என்னோடு நிற்பது என்பதை ரோசாலியா திருநாள் முடிய யோசித்துச் சொல்கிறேன்."

நகரத்துப் புனிதை ரோசாலியாவின் திருநாள் ஜூலையில், அதற்கு ஐந்து வாரம் இருந்தது. என் இடம் எனக்கா, என் மாற்றுக்கா என்று ஐந்து வாரம் காத்திருக்கவேண்டும். வேறு வேலை கிடைக்கும், அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது வேலை அல்ல. அந்தப் படகில் துடுப்போடு இருக்கும் பலகை.

அன்று றஜிதா கேட்டாள், "அவன் சாவியைத் தந்தவன்தானே? பிறகென்ன?"

"தந்தான்."

"இஞ்சாருங்கோ, அந்தக் கிழவனை நீங்கள் தாலி கட்டியே வைச்சிருக்கிறியள்? என்னை ஆராவது பாத்தாக்கூட உங்களுக்கு இப்பிடி எரிச்சல் வராது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. றஞ்சித்திடம் ஒரு பிழை இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன். அவனிடம் பிழை இல்லை.

அந்தோனியார் திருநாளைத் தமிழ்ப் பூசைக்கு வரும் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவதென்று முடிவு. அதற்கு முதல் நாள் மூவரும் ஏரிக்குப் போனோம். கடும் வெக்கை. சிஞ்ஞோருக்குத் தலை சுற்றியது. கரையில் பைன் மர நிழலில் சாய்கதிரையைப் போட்டுக்கொண்டு, "நீங்கள் இருவரும் போங்கள், நான் இங்கிருந்து பார்க்கிறேன்," என்றார். தூண்டிற்கோலை றஞ்சித்திடம் கொடுத்தார். ஆறு வருடத்தில் அதை எனக்குக் கழுவத்தான் தந்திருக்கிறார்.

நான் துடுப்பு வலித்தேன். றஞ்சித் பின்பக்கத்தில் இருந்தான். தூண்டிலைப் போடுவதற்கு முன் ஒரு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினான். கையை விரித்து விரித்துப் பாகம் அளந்தான். கொஞ்ச நேரம் விட்டு விறுவிறென்று இழுத்து ஈயத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஆறு பாகத்திலை சூடு. எட்டிலை பச்சைத்தண்ணி. பத்திலை ஐஸ் மாதிரிக் கிடக்கு அத்தான். இந்த வெயிலுக்கு மீன் அங்கைதான் படுத்திருக்கும்."

சிஞ்ஞோரும் நானும் இத்தனை கோடையும் மேல்தண்ணீரில்தான் தகட்டை இழுத்துத் திரிந்திருக்கிறோம். பத்துப் பாகத்தில் நூலில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு இழையைக் கட்டி, கனமான ஈயம் சேர்த்து இறக்கினான். மூன்றாவது சுற்றில் கோல் வளைந்தது.

அவன் அவசரப்படவில்லை. ஓடவிட்டான், நின்றதும் இழுத்தான். இரண்டு தரம் மேலே பாய்ந்து வெள்ளியாகத் தெரிந்து மறைந்தது. கடைசியில் நான்தான் கைவலையை நீட்டி அள்ளினேன். கறுப்புப் புள்ளிகள். வாலுக்குக் கிட்டச் சிறு செட்டை இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

றஞ்சித் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். "புதுத் தொழிலிலை முதல் பெரிய மீன் அந்தோனியாருக்கு. எங்கடை கரையிலை அதுதான் முறை. நாளைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோவம். சிஞ்ஞோருக்கு இப்ப சொல்லாதேங்கோ, அங்கை கண்டு சந்தோசப்படட்டும். நான் அவரைத் திருநாளுக்கு வரச் சொல்லியிருக்கிறன்."

ஆறு வருடத்தில் நான் ஒரு திருநாளுக்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. வருவார் என்றே நினைத்ததில்லை.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான். "கொண்டுபோகலாம்தானே அத்தான்? ஒரு பிரச்சினையும் இல்லையே?"

மீன் வலைக்குள் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. சங்கத்து நுழைவாயிலில் பச்சைப் பலகையில் விதி எழுதியிருந்தது. றஞ்சித்தால் அதை வாசிக்க முடியாது. என்னால் முடியும். ஒரு சொல் போதும். நான் கரையைப் பார்த்தேன். தூரத்தில் சிஞ்ஞோரின் வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது. அந்தத் தொப்பிக்காரர் இவனைத் துரத்தவேண்டும், இவனுடைய சிரிப்பைக் கேட்டாலே அருவருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நிச்சயமாக நினைவிருக்கிறது. படகு யாருடையது என்பதை மட்டும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. நினைத்துவிட்டு மறைக்கிறேனா என்றும் தெரியாது.

றஞ்சித் மீனின் தலையில் ஒரே அடி அடித்தான். ஈரச் சாக்கில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், ஐஸ் பரப்பிய தட்டில், பூக்களுக்கு நடுவே அதை வைத்தார்கள். சமையலுக்குப் பொறுப்பான செலஸ்ரீனா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதென்னடா றஞ்சித், பவுடர் போட்ட மீன் மாதிரி? குழம்புக்குச் சரிவருமோ?"

"அக்கா, நீங்கள் புளியை விடுங்கோ. மிச்சத்தை அந்தோனியார் பாப்பார்."

எல்லோரும் சிரித்தபோது சிஞ்ஞோர் வந்தார். வெள்ளைத் தொப்பி, கழுத்துப்பட்டி. றஞ்சித் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தான். மீனுக்கு முன்னால் வந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சுட்டுவிரலால் முதுகைத் தடவிக்கொண்டு போய் அந்தத் தழும்பில் நின்றார்.

"எங்கே பிடித்தது?"

"எங்கள் ஏரி, சிஞ்ஞோரே! முதல் மீன். புனிதருக்கு."

அவர் நிமிர நேரம் எடுத்தது. "இதைத் திருப்பி விடவேண்டும் என்று ஒருவரும் உனக்குச் சொல்லவில்லையா?"

றஞ்சித்தின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு சிஞ்ஞோரிடம், "இல்லை. நான் ஒருவரையும் கேட்கவில்லை," என்றான்.

அந்தப் பொய்யிலும் எனக்குப் பொறாமை வந்தது. அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

சிஞ்ஞோர் என் பக்கம் திரும்பினார். "யோசேப், நீ எங்கே இருந்தாய்?"

"துடுப்பு வலித்துக்கொண்டிருந்தேன்."

துடுப்பு வலிப்பவனுடைய முகம் பின்பக்கத்தில் இருப்பவனைத்தான் பார்த்திருக்கும். எத்தனை சனிக்கிழமை நான் அப்படி அவர் முகத்துக்கு நேரே இருந்திருக்கிறேன். அவர் தலையை மெல்ல அசைத்தார். 

"சமையுங்கள். இனி அது நீந்தப்போவதில்லை," என்றார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். முழுவதையும் சாப்பிட்டார். முள்ளை ஓரமாக ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

திங்கட்கிழமை அவரைச் சங்கத்துக்கு அழைத்துப் போனேன். சங்கத்தில் அவரைத் தவிர ஒருவருக்கும் விஷயம் தெரியாது. மறைத்திருக்கலாம். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். உள்ளே போய் உறுப்பினர் அட்டையையும் படகுச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஏரியைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

இறக்கத்தில் பாதி வழி வந்ததும் பேசினார். ரோசாலியா திருநாள்வரை அவர் காத்திருக்கவில்லை.

"படகில் இருந்தவரை நீ பேசாதது எனக்குப் பரவாயில்லை. பார்க்கத் தண்ணீர் இருந்தது. இனி வீட்டில்தான் இருக்கப்போகிறேன். றஞ்சித் என்னோடு நிற்கட்டும்."

சரி என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கீழே பலெர்மோ தெரிந்தது. வீடு வந்துவிட்டது.

சிஞ்ஞோர் கலோஜெரோ அதற்குப் பிறகு மூன்று வருடம் உயிரோடு இருந்தார். ஒரு ஜனவரி மாதம், வைத்தியசாலையில் இறந்தார். றஞ்சித் பக்கத்தில் இருந்தான். இப்போது அவன் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்கிறான். கலியாணம் முடித்துவிட்டான், ஒரு பெண் குழந்தை. கோயிலில் கண்டால் அத்தான் என்று முன்போலவே கூப்பிடுகிறான். செலஸ்ரீனா அக்கா மகனோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சங்கத்தில் ஆட்கள் குறைந்து, சல்மன் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். றஜிதாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் கபோச் சந்தைக்குக் கிட்ட இரண்டு கட்டிடங்களில் படிக்கட்டுத் துடைக்கிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.