சிவப்பில் வராத பெயர்

மெஸ் மேற்பார்வையாளர் ஒரு பெண்ணைக் கையோடு என் அறைக்கு அழைத்து வந்தார்.

"கையும் களவுமா பிடிச்சிட்டேன், மேடம். ரெண்டு கார்டைத் தேய்ச்சு ரெண்டு தட்டு வாங்குறா. இது வயிறா, கிணறா?"

"ஹாக்கி ஆடுறேண்ணே. பசிக்காதா?" என்றாள் அவள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொருத்தியின் கார்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பெண்கள் விடுதியில் நான் உதவி வார்டன். யாராவது தவறு செய்தால் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். இன்னொரு வேலையும் உண்டு. தொடர்ந்து மெஸ்ஸில் கார்டைத் தேய்க்காதவர்களின் பெயர் என் கணினியில் சிவப்பில் வரும். போய்க் கதவைத் தட்ட வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை அது. கதவு திறந்தபின் என்ன பேசுவதென்று தெரியாது.

கார்டுக்கு உரியவள் மூன்றாம் மாடிக் கடைசி அறையில் இருக்கும் முதலாமாண்டுப் பெண். வந்த புதிதில் அவள் பெயர் அடிக்கடி சிவப்பில் வந்தது. போய், "ஒழுங்கா சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு வரவில்லை. தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவ கார்டை எடுத்தியா?" என்று எதிரே நின்றவளிடம் கேட்டேன்.

"ஐயோ அக்கா, அவதான் குடுத்தா. எனக்கும் சேத்து நீயே சாப்பிடு, யாரும் வந்து கதவைத் தட்டக் கூடாதுன்னா." குரல் இறங்கியது. "என்னை வெளிய அனுப்பிடாதீங்கக்கா. வீட்டுல எனக்குன்னு ஒரு மூலைகூடக் கிடையாது. இங்கதான் கட்டில்னு ஒண்ணு இருக்கு."

கார்டைக் கொடுத்தவள், வாங்கியவள் இருவருமே விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. வார்டன் அன்றிரவுக்குள் அறிக்கை கேட்டிருந்தார்.

மூன்றாம் மாடிக்குப் போய்க் கடைசி அறைக் கதவைத் தட்டினேன். திறந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மேசைமேல் பாதி தீர்ந்த ரொட்டிப் பொட்டலம்.

"மெஸ்ஸுக்கு ஏன் வர்றதில்ல?"

"தட்டை எடுத்துக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு தெரியல, மேடம். எல்லா மேசையிலயும் கூட்டமா இருக்காங்க. நான் போனா பேச்சு நின்னுடுது."

எனக்கு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு அறைக்கே வந்துவிடும். அதைச் சொல்லவில்லை.

"கார்டைக் குடுத்தது தப்பு."

"தெரியும், மேடம்." முகம் நிமிர்ந்தது. "அப்போ வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

அழுவாள் என்று நினைத்திருந்தேன். விடுமுறை உண்டா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"போகணும்னா அப்பாகிட்ட சொல்லலாமே."

"எங்க சொந்தத்துல காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். நானா எப்படிச் சொல்றது? நீங்களே அனுப்பிட்டா..."

"அப்படி எழுதினா அவளும் போகணும். உன் பங்கைச் சாப்பிட்டவ."

அவள் அதை யோசித்திருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவ ஒருத்திதான் என் பேரைக் கேட்டா," என்றாள். "அப்போ எழுதாதீங்க மேடம். நான் இருந்துக்கறேன்."

எனக்கு வந்த தைரியம் போவதற்குள், அங்கிருந்தே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன தப்பு பண்ணினா?" என்றார் எடுத்ததும்.

"அதுக்காகக் கூப்பிடலைங்க."

"பின்ன?"

மனதில் கோத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "இங்க அவளுக்குப் பேச ஆளில்லைங்க. ரொம்ப நாளா. எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவளுக்கு வீட்டுக்கு வரணும். உங்ககிட்ட சொல்லப் பயப்படுறா."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"அவகிட்ட குடுங்கம்மா," என்றார்.

கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அறிக்கையில் இருவருக்கும் எச்சரிக்கை மட்டும் என்று எழுத வேண்டும். வார்டன் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். எதிரே நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

உள்ளே "அப்பா" என்று ஒருமுறை கேட்டது. அப்புறம் மூச்சுவிடாத பேச்சு.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் கும்பல் கும்பலாக அறைகளிலிருந்து வந்தார்கள். "குட் ஈவ்னிங் மேடம்" என்றபடி, நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார்கள். போன் உள்ளே அவளிடம் இருந்ததால், வழக்கம்போல அதில் எதையோ பார்ப்பதாக நிற்கவும் எனக்கு வழியில்லை.