பழைய காசுக்குத் திறக்கும் கதவு

பேருந்து நிலையக் கழிப்பறையின் கதவு பழைய காசுக்கு மட்டுமே திறக்கும். புதிய காசு அரசாங்கத்தின் சிக்கனத்துக்கு விளம்பரம்போல இளைத்துச் சிறுத்திருந்தது. துளையில் போட்டால் வழுக்கிக்கொண்டு வந்து காலடியில் விழும். பூட்டை மாற்றச் சொல்லிக் காவலாளி எழுதிப் போட்டதற்கு, கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. எந்தத் திசையில் என்று சொல்லவில்லை.

காவலாளிக்குச் ‘சாவி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. காசுப்பெட்டியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அதன் தலைமேல் இருக்கும் மீட்டரில் ஓர் எண் ஏறும். எண் சரிந்தால் ஆள் வரத்தில்லை என்று கழிப்பறையை மூடிவிடுவார்கள். சாவியும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதனால் அவர் ஒரு வழி செய்திருந்தார். கடைக்காரர்களிடமும் நடத்துனர்களிடமும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பிடி பழைய காசு திரட்டி பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டார். வருகிறவர் புதியதை நீட்டினால் இவர் பழையதைக் கொடுப்பார். அது பெட்டிக்குள் விழும். பெட்டியைத் திறந்து மறுபடி டப்பாவில் போட்டுக்கொள்வார். புதிய காசெல்லாம் சாயங்காலம் அலுவலகத்துக்குப் போய்விடும். சிலர் மட்டும் பழைய காசைக் கண்டதும், இனி எங்கே கிடைக்கப்போகிறது என்று வந்த அவசரத்தையும் அடக்கிக்கொண்டு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவிவிடுவார்கள். அப்படித்தான் டப்பா மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது.

இந்த நேரத்தில்தான் ஆய்வாளர் வந்தார். பழைய காசுகள் புழக்கத்தில் அருகி வருகின்றனவா என்று கண்டறிய அனுப்பப்பட்டவர். கடைகடையாக ஏறி இறங்கி அலுத்திருந்தவருக்கு மீட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பழைய காசு மட்டும் செல்லும் பூட்டு. எண்ணித் தர ஒரு இயந்திரம். நிழலில் ஒரு நாற்காலி. அறிவியலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மீட்டரில் ஏறிய எண்ணெல்லாம் பழைய காசு என்று குறித்துக்கொண்டார்.

சாவி அவர் குறிப்பை எட்டிப் பார்த்தார். “சார், அது அத்தனை காசு இல்ல சார். அதே காசுதான், சுத்திச் சுத்தி வருது.”

ஆய்வாளர் பரிவோடு சிரித்தார். “காசுன்னா சுத்தத்தானே செய்யும்? அதுக்குப் பேருதான்யா புழக்கம்.”

அறிக்கை வெளியாயிற்று. மக்களிடம் பழைய காசு தாராளமாக இருக்கிறது என்றது அது. ஆகவே பூட்டை மாற்றத் தேவையில்லை. பெட்டியில் விழுவது அப்படியே வங்கிக்குப் போகட்டும். பெட்டியின் சாவி இனி மேற்பார்வையாளரிடம் இருக்கட்டும். மேற்பார்வையாளர் வந்து, பதக்கம் குத்துவதற்கு நேர்மாறாக, காவலாளியின் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு போனார். பெயர் மட்டும் மிஞ்சியது.

பெட்டியில் விழுந்தது திரும்பவில்லை. டப்பாவின் அடி தெரிந்தது. அன்று இரவு அவர் மனைவி வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். காலையில் ஒற்றைக் காசை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அலமாரிக் காலுக்கு முட்டுக் குடுத்திருந்தது. அது ஆடினா ஆடட்டும், எடுத்துட்டுப் போங்க.”

அந்தக் காசைப் போட்டு அவரே கதவைத் திறந்தார். பிறகு மூடவிடாமல் வாசலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்கள் அவர் காலைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். புதிய காசு மடியில் குவிந்தது. கால் மரத்துப்போனது. மீட்டர் மட்டும் அசையவில்லை.

மதியம் மேற்பார்வையாளர் வந்தபோது வாசலில் நீளமாக வரிசை நின்றது.

“என்ன இது, அரசாங்கச் சொத்த இப்படித் திறந்து போட்டுருக்கீங்க? காலை எடுங்க.”

சாவி எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் குனிந்து, அடிபடாமல் மரியாதையாகவே அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. அவர் மீட்டரை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னிக்கு ஒரே ஒருத்தர்தான் வந்திருக்காரு போல.”

“சார், இந்த வரிசையப் பாருங்க சார்.”

“வரிசைய வச்சு நான் மேல என்னப்பா எழுத முடியும்? மீட்டரத்தான் எழுத முடியும்.” எழுதிக்கொண்டு போனார்.

வரிசையின் முதல் ஆள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி புதிய காசை நீட்டினார். சாவியின் கை பழக்கதோஷத்தில் டப்பாவுக்குள் போயிற்று. போனது அங்கேயே துழாவிக்கொண்டிருந்தது.