சனிக்கிழமை வரைக்கும் செத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தாம் இறந்துபோன செய்தியை கிளிஃப் ஆஸ்டில் தொலைபேசியில் கேட்டார். ஒரு கையில் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு இருந்தது. இன்னும் ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை.

"மிஸ்டர் ஆஸ்டில் வீடுதானேங்க? நான் டில்லி படிக்கிற பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல இருந்து பேசறேன். மேவிஸ்னு பேரு. இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சிக்குங்க. விஷயம் கேள்விப்பட்டதுல இருந்து எங்க எல்லாருக்கும் மனசே சரியில்ல."

"என்ன விஷயம்?"

"பெரியவர் தவறிட்டது..." அந்தப் பெண்ணின் குரல் திடீரென்று இறங்கியது. "ஐயோ, உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?"

"எந்தப் பெரியவர்?"

"கிளிஃபர்ட் ஆஸ்டில். டில்லியோட தாத்தா."

கிளிஃப் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர், பாதி சவரம் செய்த முகத்துடன், வாயைத் திறந்தபடி அதில் நின்றுகொண்டிருந்தார். மீன் ஏற்றும் குளிர்சாதன லாரியை முப்பது வருஷம் ஓட்டியவர். போன மாதம்தான் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லியிருந்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் மேவிஸ்.

"தம்பி" என்றார் கிளிஃப். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கூடப் பிறந்தவர்கள் என்று அவருக்கு யாருமே கிடையாது.

மேவிஸ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினாள். டில்லியின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு இரங்கல் அட்டை செய்திருக்கிறார்களாம். டில்லியின் அம்மா லோர்னா கைபேசியை எடுக்கவில்லையாம். அவசரத்துக்குக் கூப்பிட என்று படிவத்தில் எழுதியிருந்த இன்னொரு எண் இதுதானாம். அட்டைகளைத் தபாலில் அனுப்ப விலாசம் வேண்டுமாம்.

"அடக்கம் வியாழக்கிழமைதானே? ஸ்காட்லாந்துல?"

"ஸ்காட்லாந்தா?"

"அவரு பொறந்த ஊர்ல வைக்கணும்னு கடைசி ஆசையாம். லோர்னா சொன்னாங்க. பாவம், போன்லயே அழுதுட்டாங்க."

கிளிஃப் பிறந்தது இங்கிலாந்தில், இதே கிரிம்ஸ்பி துறைமுக ஊரில், மூன்று தெரு தள்ளி. ஸ்காட்லாந்துக்கு மீன் ஏற்றத்தான் போயிருக்கிறார். தானே வந்து அட்டைகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். ரொட்டி எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. அதன்மேல் மிதித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மகள் லோர்னாவைக் கூப்பிட்டார். வெளிநாட்டில் இருக்கும் ஃபோன் அடிப்பதுபோல நீளமாக ஒரு சத்தம் வந்தது. யாரும் எடுக்கவில்லை. மருமகன் கேரத் வேலை பார்க்கும் கார் பட்டறையைக் கூப்பிட்டார்.

"கேரத்தா? அவன் டெனரீஃப் தீவுல வெயில் காய்ஞ்சுகிட்டு கிடக்கான். சனிக்கிழமைதான் வருவான். யாரு பேசறது?"

கிளிஃப் ஃபோனை வைத்துவிட்டார்.

எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் டில்லியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மயோர்க்கா தீவுக்குச் சுற்றுலா போனார்கள். பள்ளி நாளில் பிள்ளையைக் கூட்டிப்போனதற்கு நகர கவுன்சில் அப்பாவுக்கு எண்பது பவுண்ட், அம்மாவுக்கு எண்பது பவுண்ட் என்று அபராதம் போட்டது. மூன்று வருஷத்துக்குள் மறுபடி அகப்பட்டால் அது இரட்டிப்பு, அதற்கும் மேலே போனால் கோர்ட். லோர்னா இதே சமையலறையில் நின்றுகொண்டு அந்தக் கடிதத்தைத் திட்டித் தீர்த்தாள். ஆகஸ்ட் விடுமுறையில் போனால் அதே ஹோட்டல், அதே கட்டில், ஆனால் விலை இரண்டு மடங்கு. கிளிஃபும் அன்றைக்கு அவள் பக்கம்தான். "ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலேன்னா பிள்ளை என்ன மக்காவா போயிடும்? போயிட்டு வாங்க" என்று சொன்னவர் அவர்தான்.

ஆகவே ஊர் சுற்றப் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். கால் உடைந்தது என்று சொல்லியிருக்கலாம். தன்னைக் கொல்லத் தோன்றியிருக்கிறதே!

மத்தியானம் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனார். அங்கே அவரை யாரும் பார்த்ததில்லை. மேவிஸ் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். டில்லியின் ஆசிரியை மிஸ் பென்ரோஸ் ஒரு பெரிய காக்கி உறையோடு வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"டில்லி வரைஞ்ச படத்துல தாத்தா உங்க மாதிரியேதான் இருப்பாரு" என்றாள்.

"சாயல் ஒண்ணுதான்" என்றார் கிளிஃப்.

"வெள்ளிக்கிழமை ரொம்பக் கஷ்டமாயிடுச்சுங்க. அவளே எழுந்து நின்னு, எங்க தாத்தா செத்துட்டாருன்னு சொன்னா. சொல்லி முடிச்சதும் அழ ஆரம்பிச்சா பாருங்க, நிறுத்தவே முடியல. கடைசியில வாந்தி எடுத்துட்டா. அதைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைங்க அழுதாங்க. அவருமேல எவ்வளவு பாசம் வச்சிருக்கா அந்தக் குழந்தை!"

அழுதாளா? ஏழு வயதுக் குழந்தை, பொய் என்று தெரிந்தே, வாந்தி எடுக்கும்வரை அழுதாளா? உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் மாட்டிக்கொள்வது தன் மகள். உறையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை அவ செஞ்சதும் உள்ள இருக்கு. ஒட்டி மூடிட்டா. நாங்க பிரிக்கல" என்றாள் ஆசிரியை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து உறையைத் திறந்தார். இருபத்தெட்டு அட்டைகள். 'நீங்க செத்ததுக்கு வருத்தம். எங்க முயலும் செத்துப்போச்சு' என்று ஒன்று. 'சொர்க்கத்தில் லாரி ஓட்ட விடுவார்களா?' என்று இன்னொன்று. ஒன்றில் சவப்பெட்டிக்கு நான்கு சக்கரம் வரைந்திருந்தது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

கடைசியில் இருந்தது டில்லியுடையது. நட்சத்திர ஒட்டிகளால் சுற்றிலும் மூடியிருந்தாள். நகத்தால் கீறிப் பிரித்தார்.

'தாத்தா, நீ சனிக்கிழமை வரைக்கும்தான் செத்திருக்கணும்னு அம்மா சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொன்னேன். நான் சொன்னதால நிஜமா செத்துடாதே. உனக்கு போன் பண்ணக் கூடாதாம். நீ இருக்கியா?'

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் ஏறுகிறீர்களா என்று கேட்டார். கிளிஃப் இல்லை என்று தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

அன்றிரவும் மறுநாளும் லோர்னாவுக்கு அடித்துப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் 'வேலை அதிகம்பா, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடறேன்' என்று ஒரு வரிச் செய்தி வந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று டில்லியிடம் சொல் என எழுதி, அனுப்பாமல் அழித்தார். அதைப் படித்தால் லோர்னா முதலில் கத்தப்போவது பிள்ளைமேல்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, கிளிஃப் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கணப்படுப்பின் மேல்தட்டில், ஜன்னல் விளிம்பில், தொலைக்காட்சியைச் சுற்றி, எல்லா அட்டைகளையும் நிறுத்திவைத்திருந்தார்.

முதலில் உள்ளே ஓடிவந்தவள் டில்லி. மூக்கும் தோளும் வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. வழக்கமாகப் பாய்ந்து மடியில் ஏறுகிறவள், கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அடிமேல் அடி வைத்து வந்து, ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"இப்பத்தான் டீ குடிச்சேன். அதான்."

"நீ செத்துட்டு வந்தியா, சாகவே இல்லையா?"

"சாகவே இல்லடா கண்ணு."

அவள் முகத்தை அவர் சட்டையில் புதைத்துக்கொண்டாள். கிளிஃப் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்த லோர்னா, முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அட்டைகளைப் பார்த்தாள். பெட்டியின் கைப்பிடி நழுவி, பெட்டி தடாலென்று சாய்ந்தது.

"இதெல்லாம் எங்கிருந்து..."

"டில்லி பள்ளிக்கூடத்துல இருந்து என் வீட்டுக்கே போன் பண்ணித் துக்கம் விசாரிச்சாங்க. நான் என் தம்பின்னு சொல்லிச் சமாளிச்சேன்."

லோர்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுபோனது. உடனே கோபம் வந்தது.

"பின்ன என்னப்பா பண்ணச் சொல்ற? ஆளுக்கு நூத்தி அறுபது! காய்ச்சல்னு சொன்னா டாக்டர் சீட்டு கேக்கறாங்க. சாவுக்கு மட்டும்தான் எதுவும் கேக்காம லீவு குடுக்கறாங்க. கேரத்தோட அம்மாவைச் சொல்லலாம்னு பார்த்தேன், அவங்க அந்தத் தெருவுலயே இருக்காங்க. நீ ஊருக்கு அந்தப் பக்கம். உன்னை யாரும் பார்த்ததில்ல."

"அப்ப என்னைச் சாகடிக்கறது சுலபம்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுப்பா. நீ எப்பவும் எல்லாத்தையும் சிரிச்சுட்டு விடுற ஆளுதானே?"

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே செத்திருப்பேன்" என்றார் கிளிஃப். "சிரிச்சுட்டும் விட்டிருப்பேன். இவளை எதுக்கு எழுந்து நின்னு சொல்லவெச்சே?"

"நான் எதுவும் சொல்லவெக்கல. யாராவது கேட்டா சொல்லுன்னு மட்டும்தான் சொன்னேன்."

கிளிஃப் சட்டைப் பையிலிருந்து நட்சத்திரம் ஒட்டிய அட்டையை எடுத்து நீட்டினார். லோர்னா நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். கார் சாவியோடு வாசலில் நின்றிருந்த கேரத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அதான் தண்ணியிலயே இறங்கலையா இவ?" என்றான் கேரத் மெதுவாக. "ஏழு நாளும் கரையிலயே உட்கார்ந்திருந்தா, கிளிஃப். வயித்து வலின்னு நினைச்சோம்."

"தினமும் போன் கேட்டா" என்றாள் லோர்னா. "உளறிடுவான்னு நான்தான் குடுக்கல. விளையாட்டுக்குக் கேக்கறான்னு நினைச்சேன். இவ நிஜமாவே... சொன்னதால நிஜமாயிடும்னு..." பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டில்லி தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி அடிக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் லோர்னா கடைசியில்.

"நானும் வர்றேன்" என்றார் கிளிஃப். "பிணத்தைக் காட்டினாத்தான் நம்புவாங்க."

கேரத் சிரித்தான். லோர்னா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் மேவிஸ் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அடக்கம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"நான் தம்பி இல்லீங்க" என்றார் கிளிஃப். "நான்தான் அவரு."

மேவிஸ் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தலைமையாசிரியை லோர்னாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்த லோர்னாவின் கண்கள் சிவந்திருந்தன. அபராதக் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. இருவருக்குமாக முந்நூற்று இருபது பவுண்ட். மறுபேச்சுப் பேசாமல் கட்டினாள். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கோடை விடுமுறை வரை ஓயவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, மிஸ் பென்ரோஸ் கிளிஃபை வகுப்புக்குள் அழைத்துப் போனாள். பிள்ளைகள் கண்ணால் பார்த்தால்தான் அடங்குவார்கள் என்றாள். டில்லி அவர் கையை விடவே இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். ஒருத்தி நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

கிளிஃப் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். டில்லி நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம்" என்றார்.