கீழ்த்தளத்தில் திறக்காத கதவு

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவதை முதலில் பார்த்தது நான்தான். எட்டியெல்லாம் பார்க்கவில்லை, என் சமையலறை ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது. ஏதோ உடற்பயிற்சி என்று தெருவுக்கே சொல்லி வைத்தேன். பிறகுதான் அவர் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"இவருக்குச் சாப்பாடு நெஞ்சுலயே நின்னுக்குதுக்கா. கையைத் தூக்கினாத்தான் கொஞ்சம் இறங்குது. வாய் வழியா கேமரா விட்டுப் பாத்து, கட்டி எதுவும் இல்லன்னுட்டாங்க. இவர் நம்ப மாட்டேங்கறார். புத்துநோயை மறைக்கறாங்களாம்."

உணவுக்குழாய்த் தசைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க இன்னொரு சோதனை. துணைக்கு நானும் போனேன். அவள் கூப்பிடவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, ஒல்லியான ஒரு குழாயை வயிறுவரை இறக்கினார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும்.

"ஒரு வாய் தண்ணி. ஒரே தடவை முழுங்குங்க. அப்புறம் நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது, பேசக் கூடாது" என்றாள் நர்ஸ்.

கூடாது என்றதும் எனக்கு எச்சில் ஊறித் தொலைத்தது. மடக்கென்று விழுங்கினேன்.

"யாரும்மா அங்க முழுங்கறது? டெஸ்ட் இவருக்குத்தான்!"

அதுவரை அழுதுகொண்டிருந்த அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

குழாயை எடுத்த பிறகு டாக்டர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். "சாப்பாட்டைக் கீழ தள்ளற தசை சரியாத் தள்ளல. வயித்து வாசல்ல இருக்கற வால்வும் தளர்ந்து வழி விடல. அதான் சிக்குது. புத்துநோய் இல்ல. வால்வைத் தளர்த்திவிட்டா நல்லா இறங்கும்."

மெக்கானிக் திரையையே முறைத்தார். "மோட்டார் வீக்கு. கீழ்த்தளத்துல கதவு திறக்கல. அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"இதை முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தா, நான் ஏன் சார் ராவெல்லாம் தூங்காம கெடக்கறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து நெடி என்றார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் ஜன்னல் பக்கம் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது. எதிரே அவர் ஒரு வாய் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து கைகளைத் தூக்கினார். மனைவியும் கரண்டியோடு எழுந்து, அவருக்குப் போட்டியாகக் கைகளைத் தூக்கினாள். அவர் சிரித்த சிரிப்பில் சூப் எப்படி இறங்கியதோ, எனக்குத் தெரியாது.