மேல் வரிசைப் படம்

தான் செத்துப்போன விஷயம் கருத்தக்கண்ணனுக்கே மேலூரில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அது நடந்து ஆறு வருஷமாகிறது. பேத்தி பவதாரிணிக்குக் காதுகுத்து. அவனியாபுரத்திலிருந்து இரண்டு வேன் நிறையச் சொந்தங்களும் சீர்த்தட்டுகளுமாகப் போய் இறங்கியிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மருமகன் அருள்பாண்டி பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தான். நடுவில் பேத்தி, சுற்றிலும் பங்காளிகள், கீழே குட்டிப் பிள்ளைகள். மேல் வரிசையில் குடும்பத்தில் காலமான பெரியவர்கள், ஆளுக்கொரு குத்துவிளக்கோடு. அருள்பாண்டியின் அப்பா, அவருக்கு அப்பா, அடுத்தாற்போல் மீசையை முறுக்கிக்கொண்டு கருத்தக்கண்ணன். அவர் படத்துக்குக் கீழேயும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நடந்த தப்பு இவ்வளவுதான். படங்களைப் போனில் பிளக்ஸ் கடைக்கு அனுப்பிய அருள்பாண்டி, "பெரியவங்கள எல்லாம் மேல போட்டுருங்கண்ணே" என்றிருக்கிறான். மேலே போட்டால் விளக்கும் போடுவது கடைக்காரருக்குக் கைப்பழக்கம். மருமகன் காலில் விழாத குறையாக எடுத்துச் சொன்னான். கேட்கிற ஆளா இவர்? "உசுரோட இருக்கவனுக்கு வெளக்கேத்துன வீட்ல எனக்கென்ன சோலி?" என்று வேனைத் திருப்பச் சொன்னார். மகன் சோலையையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவது எங்கள் பக்கம் நடக்கிற காரியமில்லை. காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கருத்தக்கண்ணன் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். எதிரே வருகிற வண்டிதான் ஒதுங்கவேண்டும் என்பது அவர் சட்டம். அருள்பாண்டி இரண்டு தடவை வீடு தேடி வந்து ஒதுங்கிப் பார்த்தான். இவர் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. இடையில் பேரன் ஒருவன் பிறந்தான். கருப்பு என்று கூப்பிடுகிறார்களாம், நாலு வயது. தாத்தா இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி சீனியம்மாளையும் பார்க்கவிடவில்லை.

போன வாரம் சீனியம்மாளின் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த கருத்தக்கண்ணன் எடுத்தார்.

"அம்மாச்சியா?"

"தாத்தா பேசுறேன். யாரு?"

"நான் பவதாரிணி. ஆறாப்பு போகப்போறேன். இன்னும் ஒட்டுற தோடுதான் போட்டிருக்கேன். கிளாஸ்ல எல்லாரும் கேலி பண்றாங்க."

"உங்கப்பன வரச்சொல்லு. பேசுவோம்."

"அப்பா வரமாட்டாரு. நீங்களும் வரமாட்டீங்க. ஞாயித்துக்கெழம நகைக்கடைல மிஷின் வச்சுக் குத்திக்கிறேன். யாரு மடியும் வேணாம். சொல்லிட்டுச் செய்வோம்னுதான் போன் பண்ணேன்."

வைத்துவிட்டாள்.

"எம்புட்டுத் திமிரு பாரு" என்றார் மனைவியிடம். அது தன்னுடைய திமிர்தான் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் யாரு மடியும் வேணாம் என்றது நெஞ்சில் தைத்துவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "சோலைய வரச்சொல்லு. சீருக்குச் சாமான் வாங்கணும்" என்றார். சீனியம்மாள் ஏன் என்று கேட்காமல் மகனுக்குப் போன் போட்டாள். கேட்டால் மனுஷன் மனசு மாறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு முன்னால் வேன் நின்றது. பின்னால் சீனியம்மாளும் சோலையும் தட்டுகளை இறக்க, கருத்தக்கண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். யார் எப்படிக் குத்திப் பேசினாலும் திருப்பிக் கொடுக்க ஆறேழு பதில் தயாராக இருந்தது.

வீட்டோரம் வைக்கோல் படப்பு. மழைக்குப் பாதுகாப்பாக அந்தப் பழைய பிளக்ஸையே மேலே போர்த்திக் கட்டியிருந்தார்கள். வெயிலில் பேத்தி படம் வெளுத்துவிட்டது. வேப்பமர நிழலில் இருந்த மேல் வரிசை மட்டும் அப்படியே இருந்தது. அதன் அடியில் விளையாடிக்கொண்டிருந்த பையன் இவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடியும் இவரைப் பார்த்தான்.

"நீ செத்துப்போன தாத்தாதான?"

"யார்ரா சொன்னா?"

"வெளக்கு இருக்குல்ல. வெளக்கு இருந்தா செத்துட்டாங்கன்னு அர்த்தம். பால்வாடிக்குப் போறப்ப மூணு பேரையும் கும்புட்டுட்டுத்தான் போவேன்."

தயாராக வைத்திருந்த பதிலெல்லாம் பெரிய ஆட்களுக்கானது. பிளக்ஸ்காரர் செய்தது ஒரு நாள் தப்பு. அதை ஆறு வருஷம் வீம்பாக உட்கார்ந்து நிஜமாக்கியது தான்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. இந்தப் பயல் பிறந்தபோது, தவழ்ந்தபோது, முதல் வார்த்தை பேசியபோது அவர் இல்லை. இல்லாத ஆளைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான் பிள்ளை. கருத்தக்கண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கவுமில்லை. குனிந்து பேரனைத் தூக்கிக்கொண்டார்.

"செத்துத்தான்டா கெடந்தேன். ஒங்க அக்கா போன் போட்டு எழுப்பிவிட்டுட்டா."

"திரும்பச் செத்துருவியா?"

"இப்போதைக்கு இல்ல. ஒனக்கும் காது குத்தணும்ல."

பேச்சுச் சத்தம் கேட்டு, பைக் சாவியோடு அருள்பாண்டி வெளியே வந்தான். மகளைக் கடைக்குக் கூட்டிப்போகக் கிளம்பியிருந்தவன், "மாமா" என்றதோடு நின்றுவிட்டான். கருத்தக்கண்ணன்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியை ஓரங்கட்டினார்.

"தப்பு எம்மேலதான் மாப்ள. படம் நல்லாத்தான் இருக்கு. அந்த வெளக்க மட்டும் அணைச்சு விடுங்க."

உள்ளேயிருந்து மகள் பாண்டீஸ்வரி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பவதாரிணி அழவில்லை. காதில் ஒட்டியிருந்த இரண்டு தோட்டையும் பிய்த்துத் தாத்தா கையில் வைத்தாள்.

"ஆசாரிக்குப் போன் பண்ணுங்கப்பா. சோல மாமா, மொதல்ல நான்தான் உக்காருவேன்."

கருப்பு தாத்தாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். தொழுவத்துப் பக்கம் ஓடி இரண்டு கை நிறையச் சாணியோடு வந்து, படப்பில் தொற்றி ஏறி, மூன்றாவது விளக்கின் மேல் அப்பினான். தாத்தாவின் மீசையிலும் கொஞ்சம் பட்டது.